காது டாக்டர் ஒப்புக்கொண்டவை

முப்பது வருடங்களாகக் காது டாக்டர் 'தவறு' என்ற சொல்லை அடுத்தவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். சிகிச்சையில் பிழை நேர்ந்தால் ஈடு கட்டும் இன்சூரன்ஸ் இல்லாதவர் நாளை முதல் கத்தியைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் கறாராகச் சொன்னதும், ஏஜென்டைத் தம் அறைக்கே வரவழைத்தார்.

"இதுக்கு முன்னால ஏதாவது தப்பு நடந்திருக்கா சார்?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார் ஏஜென்ட்.

"என்கிட்டயா? நல்லாக் கேட்டீங்க போங்க! இல்லைன்னு போடுங்க."

கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா தொண்டையைச் செருமினாள். "வலது காது வலின்னு வந்தவருக்கு இடது காதுல தையல் போட்டது யாரு சார், உங்க தம்பியா?"

டாக்டர் முறைத்தார். ஏஜென்டோ, டாக்டரே எழுதிச் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்: 'டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.'

"எங்களுக்கும் அதேதான் சார். மறைச்சது பின்னால தெரிஞ்சா பாலிசி செல்லாது."

டாக்டர் சொல்லச் சொல்லப் படிவத்தில் இடம் போதாமல் இன்னொரு தாளையும் ஒட்ட வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பழைய கம்பீரம் திரும்பியிருந்தது.

"இதையும் எழுதிக்கோங்க. ஒரே தப்பை நான் ரெண்டு தடவை செஞ்சதே இல்ல."

"ஆமாங்க," என்றாள் நர்ஸம்மா. "சாருக்கு எப்பவும் புதுசாத்தான் வேணும்."