பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். அயர்ன் ஆவியும் புதுத்துணியும் கலந்த வாசனை... தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டி, திடீரென்று வயசான மாதிரி நிற்பார். தட்டிவிட்டால்தான் என் அம்மா.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் டிசர்ட்டை டேபிளில் விரித்து, உள்ளே வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர். நல்ல பீஸ் என்றால் செக் பண்ணியவர் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். அம்மா நம்பர் பதினேழு.

சேலையில் ஒட்டிக்கொண்டு நாலைந்து சிவப்பு ஸ்டிக்கர் தினமும் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா அதை வீணாக்கவே மாட்டார். எல்லாம் என் ஹோம்வொர்க் நோட்டுக்குத்தான்!

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் வரி எங்கே கோணுகிறது, எங்கே அடித்துத் திருத்தி மழுப்பியிருக்கிறேன் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். டக்கென்று அம்புக்குறி விழும். "ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு உன் நம்பரை ஒட்டேம்மா" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"பாக்கலாம் கண்ணு" என்பார். பத்தாம் வகுப்பு வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கடைக்குப் போனால் இன்னும் மோசம். தீபாவளித் துணியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடை வாசல் வெயிலுக்குப் போய்விடுவார். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே வருவார். "ட்யூப்லைட் பொய் சொல்லுமுங்க. வெளிச்சத்துல பாத்தாத்தானுங்க நெசக் கலரு தெரியும்" என்று அவருக்கே பாடம் நடக்கும். எனக்கு அங்கேயே தலைமறைவாகிவிடலாம் போலிருக்கும்.

டிப்ளமோ முடித்த கையோடு அதே கம்பெனியில் எனக்கு QC வேலை, அதாவது பெட்டியில் போட்ட பீஸின் தரத்தைக் கடைசியாகச் சரிபார்க்கும் வேலை, கிடைத்தது. முதல் நாள் கேட்டைத் தாண்டியதும் அம்மா, "வாங்க மேடம்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

"ஊட்டுல நீ கண்ணு. கேட்டுக்குள்ள வந்தா மேடம்தான்."

மூன்றாவது வாரம் சீனியர் லீவு. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரி வாசலில் நிற்கிறது. ஏற்றுவதற்கு முன் பெட்டிகளிலிருந்து பீஸ் எடுத்துப் பார்த்து, முதல்முறையாக நானே தனியாக ரிப்போர்ட் எழுத வேண்டும். நேவி புளூ டிசர்ட். டேபிளில் பார்த்தால் எல்லாம் சரி. ஏதோ பழக்கதோஷம்... ஒரு பீஸை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

காலர் வேறு கலர். ரொம்ப இல்லை, லேசாகச் சிவப்படித்தது. வேறு லாட் துணி, அதாவது வேறொரு தடவை சாயம் போட்ட துணி, கலந்துவிட்டது.

யார் செக் பண்ணியது என்று திருப்பிப் பார்த்தேன். பதினேழு.

இன்னும் ஐந்து பீஸ் எடுத்தேன். நான்கில் அதே காலர், அதே பதினேழு. டேமேஜைப் பாஸ் பண்ணினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மேனேஜர் எல்லோர் முன்பும் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

பொய் சொல்ல மாட்டேன், பீஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கக் கை போனது. அப்புறம் நோட்டில் விழுந்த அத்தனை அம்புக்குறியும் ஞாபகம் வந்தது. 'ஃபெயில்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு, டிசர்ட்டோடு செக்கிங் செக்‌ஷனுக்கு வந்தார். "பதினேழு யாரு?"

இருபது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அம்மா எழுந்து வந்து பீஸை வாங்கினார். அம்மா டேபிள் எப்போதும் ஜன்னலோரம்தான். அந்த வாரம்தான் ஜன்னலை மறைத்துப் பெட்டி அடுக்கி, டேபிளை ட்யூப்லைட்டுக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். பெட்டிகளுக்கு நடுவே புகுந்து ஜன்னல் வரைக்கும் போய், பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம் சொல்றது சரிதானுங்க சார். காலர் வேற லாட்டு. பாஸ் பண்ணுனது நானுங்க."

"சார், டேபிளை மாத்தினதாலதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

"நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க சார். அதுக்கு முன்னால என்ற நம்பர் போன பெட்டியெல்லாம் நானே பிரிச்சுப் பாத்துக் குடுத்துர்றனுங்க."

மேனேஜர் ஜன்னலை மறைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு, "மொதல்ல அந்த டேபிளை ஜன்னலுக்கே போடுங்கப்பா" என்றார். மற்ற பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனை பெட்டியும் பார்த்தாயிற்று. லாரி மறுநாள் கிளம்பியது. அம்மா வேலையும் தப்பியது.

கம்பெனி வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "கோவமாம்மா?" என்றேன்.

அம்மா என்னை விட்டுவிட்டு முன்சீட்டு அக்காவின் தோளைத் தட்டினார். "ஏனுங்க, கேட்டீங்களா... எம்புள்ள என்ற பீஸையே ஃபெயில் பண்ணிப்போட்டாளுங்க!"

வேன் முழுக்கக் கேட்டது. பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு!

இன்று வேறொரு கம்பெனியில் குவாலிட்டி முழுக்க என் பொறுப்பு. கலர் பார்க்க விதவிதமான லைட் போட்ட பெட்டியே இருக்கிறது. நான் இன்னமும் ஒரு பீஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறேன். புதுசாகச் சேர்ந்த பசங்க சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்... நானும் ஒரு காலத்தில் கடை வாசலில் வெட்கப்பட்டு நின்றவள்தானே.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. போன மாதம் அவர் ஆதார் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது, என் மார்க் ஷீட் கவருக்குள் மடித்து வைத்த ஒரு பேப்பர். அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ். ஃபெயில். கீழே என் கையெழுத்து.

"இதை எதுக்கும்மா வெச்சிருக்கே?"

"உன்ற மொதக் கையெழுத்தாச்சே கண்ணு. ஆபீஸ்ல கேட்டு வாங்கியாந்தேன்."

கையெழுத்துக்குப் பக்கத்தில் மங்கிப்போன ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அம்புக்குறி இல்லை.

பதினேழு.