கைலியில் நிற்காத துப்பாக்கி

“...பெருசா இருந்தாத்தான்டா தம்பி, சுட வேண்டி வராது. சின்னதுன்னா எடுத்துக் காட்டணும். நான் எடுத்தா அவனும் எடுப்பான். இது அப்படி இல்ல. தெருமுனையில நிக்கிறவனுக்கே தெரியும். பாத்துட்டுப் போயிடுவான். போயிடுவான்தானே?”

அண்ணன் இதை என்னிடம் கேட்டாரா, எதிரில் உட்கார்ந்திருந்த பழம்பொருள் வியாபாரியிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அறையில் நாங்கள் மூன்று பேர்தான். தின்கன்ஜூனில் ஒரு பழைய கட்டடம், நான்காவது மாடி. மத்தியான நேரம், கரண்ட் இல்லை. சுவர் முழுக்க ஓடாத கடிகாரங்கள். மேசை மேல் நீல வெல்வெட் விரித்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் படுத்திருந்ததை அண்ணன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார்.

இவ்வளவு பெரிய கைத்துப்பாக்கியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் முழங்கை அளவுக்கு நீளம். குழாய் முழுக்கக் கொடிகொடியாகச் சித்திரவேலை. பிடிக்குத் தந்தம். வெளிநாட்டில் எங்கோ சேகரிப்பவர்களுக்கென்று கொஞ்சம்தான் செய்தார்களாம், அடியில் நம்பர்கூட வெட்டியிருக்கிறது என்று வியாபாரி காட்டினார். அவர் பர்மாக்காரர், நாங்கள் பர்மாவிலேயே பிறந்த தமிழர்கள். பேசியதெல்லாம் பர்மிய மொழியில். நான் தமிழில் சொல்கிறேன். ‘அகோ’ என்றால் அண்ணா.

“அகோ, இது சண்டைக்குச் செஞ்சது இல்ல. கண்ணாடி அலமாரிக்குச் செஞ்சது. இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சுடல. சுட்டா விலை போயிடும்.”

“குண்டு?”

“ஆறு இருக்கு. பெட்டியோட வந்தது. வேற வேணும்னா இந்த நாட்டுலயே கிடைக்காது.”

“ரொம்ப நல்லது” என்றார் அண்ணன். துப்பாக்கிக்குக் குண்டு கிடைக்காது என்றதும் முகம் மலர்ந்த மனிதரை அந்த வியாபாரி அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

அண்ணன் தாமுவேயில் மாவு மில் வைத்திருக்கிறார். எதைக் கையில் கொடுத்தாலும் எடை சொல்லிவிடுவார். துப்பாக்கியையும் ஒரு தடவை மேலே கீழே ஆட்டிப் பார்த்து, “ஒண்ணேகால் வீசை இருக்கும்” என்றார். எங்கள் ஊரில் அரிசிக்கும் மிளகாய்க்கும் மீனுக்கும் இன்னும் வீசைதான். அந்த வரிசையில் இதுவும் வந்து சேர்ந்தது.

மாவு அரைக்கிறவருக்குத் துப்பாக்கி எதற்கு? அண்ணியும் அதைத்தான் கேட்டார். “ஒரு ஆணி அடிங்கன்னா சுவத்தைத் தவிர எல்லாத்துலயும் அடிப்பீங்க. உங்களுக்கு எதுக்கு அது?” கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார். பாத்திரம் உருட்டும் சத்தம்கூட வரவில்லை.

எங்கள் பகுதியில் நூறு வீட்டுக்கு ஒருவரை அரசாங்கத்தில் பொறுப்பாக வைப்பார்கள். முன்பெல்லாம் அது ஒரு கௌரவம். கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போகும். இப்போது நடப்பது பட்டாள ஆட்சி, ஆபீஸ்காரர்களோடு வீடு வீடாகப் போய் ஆள் எண்ண வேண்டும். பட்டாளத்தில் கட்டாயமாகச் சேரப் பேர் விழுந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் அதை வாயால் சொல்லவும் வேண்டும். அண்ணனுக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவரை, ஆட்சியை எதிர்க்கிற பையன்கள் ஒரு காலையில் டீக்கடையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். பாதி டீ குடித்திருந்தார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். மில்லைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? ஆபீஸிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் போனார். போனவர் ஒப்புக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “அங்க காத்தாடி ஓடல, ரொம்பப் புழுக்கம்” என்றார். அவ்வளவுதான்.

மில்லுக்கு எதிரில் என் வெற்றிலைக் கடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு பேர் பேச்சைக் கேட்கிற தொழில். கேட்டதை மறக்க மாட்டேன், அது எனக்கு ஒரு வியாதி. அண்ணன் பொறுப்புக்கு வந்த புதிதில் மீன்காரம்மா வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, உங்களைப் பாத்தா வணக்கம் சொல்லணுமா, ஓடணுமா? ஏதாவது ஒண்ணு முடிவா சொல்லிடுங்க, எனக்குக் கூடை கனக்குது.” எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். பிறகு ஒரு வீட்டில் பேர் விழுந்தது, இன்னொரு வீட்டில் விழுந்தது. சொல்லப் போன வீட்டில் ஒரு தாய் அண்ணனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “பிள்ளைங்களைத்தான் அரைக்கிறீங்களா இப்ப?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு மிளகாய் அரைக்க வருகிறவர்கள் இரண்டு தெரு தள்ளிப் போக ஆரம்பித்தார்கள். மீன்காரம்மாவும் சிரிப்பதை விட்டுவிட்டார்.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது. இளம் குரல். “ஊலே” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டதாம். மாமா, நீங்களாகவே விலகிவிடுங்கள், அடுத்த தடவை போன் வராது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டதாம்.

“யார்னு தெரிஞ்சுதாண்ணே?”

“தெரிஞ்ச குரல்டா. அவங்க அம்மா குடுத்த அரிசியைத் தலையில வச்சுக்கிட்டு நம்ம மில்லுக்கு வந்த குரல். கேக்காதே.”

நான் கேட்கவில்லை. தெரிந்தால் எனக்கும் ஆபத்து, அந்தப் பிள்ளைக்கும் ஆபத்து.

அன்றிலிருந்து அண்ணன் என் பக்கத்தில் நடப்பதில்லை. “நீ பின்னால வா, உன் செருப்புச் சத்தம் தலைவலிக்குது” என்பார். டீக்கடையில் தனி மேசையில் உட்காருவார். தின்கன்ஜூனுக்கு வந்த பஸ்ஸிலும் அவர் முன்னால், நான் கடைசி சீட்டில். சுடுகிறவனுக்குக் கை நடுங்கினால் குண்டு பக்கத்தில் இருப்பவன் மேல் படும். அதைச் சொல்லாமல் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் அவர் “பாத்துட்டுப் போயிடுவான்தானே” என்று கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் உயிருக்குப் பயந்தார், அது உண்மை. அந்தக் குரலைச் சுட வேண்டி வந்துவிடுமோ என்பது இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து தேடித்தான், யாரும் சுடாத இந்தப் பெரிய துப்பாக்கியிடம் வந்திருந்தார்.

“உங்க பொறுப்புக்கு அனுமதி வாங்கிடலாம் அகோ. நான் பாத்துக்கிறேன்” என்றார் வியாபாரி. “இடுப்புல வச்சுப் பாருங்களேன்.”

அண்ணன் எழுந்து நின்றார். எங்கள் ஊரில் ஆம்பிளைக்கு இடுப்புதான் பை. முன்னால் கைலி முடிச்சு, பின்னால் பர்ஸ், பக்கத்தில் போன். அந்தப் பழக்கத்திலேயே துப்பாக்கியையும் கைலிக்குள் செருகினார். கையை எடுத்தார். ஒண்ணேகால் வீசை! கைலி அப்படியே இறங்கிவிட்டது. ஒரு கையால் கைலியையும் மறு கையால் துப்பாக்கியையும் பிடித்துக்கொண்டு, “ஐயோ, ஐயோ” என்று மேசையோடு ஒட்டிக்கொண்டார். வியாபாரி மரியாதைக்காகக் கடிகாரங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

“அண்ணே, அவன் உங்களைப் பாத்துட்டுப் போயிடுவான்தான். சிரிச்சுக்கிட்டே போவான்” என்றேன்.

“போடா, தடிமாடு” என்று அண்ணனும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பொறுப்புக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு முடியவே கூடாது போலிருந்தது.

வியாபாரி திரும்பினார். “இதுக்குக் கைலி சரிப்படாது. பேண்ட் போட்டு, நல்ல தோல் பெல்ட் கட்டணும்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“பேண்ட்டா?” என்றார் அண்ணன். முடிச்சை மெதுவாகக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நம்ம தெருவுக்குள்ள பேண்ட்டும் பெல்ட்டுமா யாருடா வர்றது?”

வீடு சோதிக்க வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். முனையில் தலை தெரிந்ததுமே ஜன்னல்கள் மூடிக்கொள்ளும்.

“அவன் முதல்ல பேண்ட்டைத்தான் பாப்பான். துப்பாக்கியைப் பாக்கிற வரைக்கும் சுடாம நிப்பானா?”

அவர் உட்கார்ந்தார். துப்பாக்கி மடியில் கிடந்தது. இதை வாங்க வேண்டுமென்றால் மில்லை விற்றாக வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இதுதான் சமயம் என்று நான் சொன்னேன்: “மில்லை வித்து இதை வாங்கறதுக்கு, மில்லை வித்துட்டு நீங்களும் அண்ணியும் மாவ்பிக்குப் போயிடுங்களேன். அண்ணி வீட்டுப் பக்கம் ஒரு மூலையில இருந்துக்கலாம். மில்லுதானே காலைக் கட்டுது?”

“மில்லா?” அவர் தந்தப் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு ஆபீஸ்ல மாட்டேன்னுதான் சொன்னேன். சரி, உனக்குப் பதிலா ஒரு பேர் சொல்லிட்டுப் போன்னாங்க. நான் வாயைத் திறக்கல. அவங்களே சொன்னாங்க, எதிர்த்தாப்புல வெத்தலைக் கடை வச்சிருக்கானே உன் தம்பி, அவனை எழுதிக்கலாமான்னு.”

ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. “அண்ணே” என்றேன்.

“நீ பேசாம இரு. நீ பேசிட்டே இருக்கிறவன், உனக்கு இந்த வேலை ஆகாது” என்றார்.

துப்பாக்கியைக் கைலி நுனியால் துடைத்தார். மாவு படிந்த கை அல்லவா, தந்தத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. வெல்வெட்டில் அது கிடந்த பள்ளம் பார்த்து வைத்து, மூடியைச் சாத்தினார். “சயா” என்று வியாபாரியை மரியாதையாகக் கூப்பிட்டார். “இது அலமாரியிலேயே இருக்கட்டும். நீங்க சொன்ன மாதிரி சுட்டா விலை போயிடும்.” வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டுப் பாருங்களேன் என்று தொடங்கினார். அண்ணன் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

இருட்டான படிகளில் அவர் முன்னால் இறங்கினார், நான் பின்னால். கீழே வெயில் கதவு அளவுக்குச் சதுரமாக விழுந்திருந்தது. அதற்கு ஒரு படி முன்னால் அண்ணன் நின்றார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, என் நெஞ்சில் வைத்து, என்னை அந்தப் படியிலேயே நிறுத்தினார். பிறகு கைலி முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெருவில் தனியாக இறங்கி நடந்தார்.