ஈரச் செம்பில் வந்த சேமன்

வியாழக்கிழமை மூன்றாம் பாடம் எங்களுக்குக் குடியியல். பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பட்டின சபைப் பியூன் இராசையா அண்ணை தமது சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், பெரிய வாத்தியாரிட்டக் கேட்டிட்டன். முப்பது கதிரை இரவலாய் வேணும்."

"ஏன், சபையில கூட்டமோ?"

"கூட்டமில்லை ரீச்சர். சேமன்ர வீட்டுக்கு, வாற சனம் இருக்க. காலமை நெளுக்குளத்து வயலுக்குத் தண்ணி பாக்கப் போனவர், வரம்பில குந்தினாராம். பிறகு எழும்பேல்லை."

செய்தி எங்களிடம் இப்படித்தான் வந்தது, கதிரை கேட்டுக்கொண்டு. நாங்கள் சிலர் ஓடிப்போய் அவற்றை வண்டிலில் ஏற்றினோம். எனக்கு அழுகை வந்தது. இடையிலே ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது. தலைவர் கதிரையைப் பற்றி அவ்வளவு கவலையில்லாமல் இருந்த ஒருவருக்காக நாங்கள் முப்பது கதிரைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தோம்!

சபையின் அறிவித்தல் பலகையில் 'அக்கிராசனர் திரு. நல்லதம்பி' என்று எழுதியிருக்கிறார்கள். சேர்மன் என்பதை வாயால் தேய்த்துச் சேமன் என்றுதான் நீங்களும் நானும் அவரை அறிவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயல் செய்து, பிறகு நெல்லுக் குத்தும் ஆலை ஒன்றையும் போட்டவர். உமித்தூசி ஒட்டிய வேட்டியுடன் சபைக்கு வருவார். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் எங்கள் பட்டினத்திலேயே பலர் இருக்கிறீர்கள். ஆனாலும் அவரைத் தலைவராக்கியது என்னுடைய வலது கை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருடம் நான் எட்டாம் வகுப்பு மாணவி. சபைக்குத் தேர்தல் முடிந்து, புதிய உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்யும் நாள் வந்தது. பாடப்புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசிரியை எங்களை அழைத்துப் போனார். உறுப்பினர்கள் ஆறு பேர். நல்லதம்பியாருக்கு மூன்று கைகள் உயர்ந்தன. செபமாலை மாஸ்டருக்கும் மூன்று கைகள் உயர்ந்தன. மாஸ்டர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, இங்கே படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாசிகசாலையில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று தேர்தல் துண்டுப் பிரசுரத்திலேயே அச்சடித்தவர். நான் மனதுக்குள் முழுக்க முழுக்க மாஸ்டர் கட்சி.

எங்கள் வாசிகசாலையை உங்களுக்குத் தெரியும். இரண்டு வாங்கு, ஒரு நீள மேசை, காலை முதல் மாலை வரை ஆண்கள். நான் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது வெளியே யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒருவர் பத்திரிகையின் முன்பக்கத்தை விரித்துப் படிக்கும்போது அதன் பின்பக்கம் என் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு வருடங்களாக நான் படித்த உலகச் செய்தி முழுவதும் பின்பக்கச் செய்திதான். பந்தாட்டம், சைக்கிள் விளம்பரம், மரண அறிவித்தல்! மாஸ்டர் தலைவரானால் நான் உள்ளே போய் முன்பக்கம் படிப்பேன். எனக்கு அந்தத் தெரிவு அவ்வளவு பெரியது.

வாக்குகள் சமமானதால் திருவுளச் சீட்டு என்று தெரிவை நடத்த வந்த அதிகாரி அறிவித்தார். இரண்டு பெயர்களையும் இரண்டு துண்டுகளில் எழுதி மடித்தார்கள். போடுவதற்குப் பாத்திரம் இல்லை. மேசையில் குடிதண்ணீர் வைத்திருந்த பித்தளைச் செம்பை இராசையா அண்ணை யன்னலால் கவிழ்த்து ஊற்றிவிட்டு, உள்ளே கைலேஞ்சியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தார். "ஒரு கட்சியும் இல்லாத பிள்ளை ஒண்டு வரட்டும்" என்றார் அதிகாரி. ஆசிரியை என்னைத் தள்ளிவிட்டார்.

கையை விட்டேன். என் விரலில் முதலில் பட்ட துண்டு செம்பின் ஈரத்தில் ஒட்டியிருந்தது. இழுத்தால் கிழிந்துவிடும் என்று பயந்து அதை விட்டு மற்றதை எடுத்தேன்.

"நல்லதம்பி!" என்று அதிகாரி வாசித்தார். மூன்று பேர் கைதட்டினார்கள். புதிய தலைவர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"பொறுங்கோ. மற்றத் துண்டையும் விரியுங்கோ. இரண்டிலயும் என்ர பேர்தான் எண்டு நாளைக்கு ஆரும் கதைக்கக் கூடாது."

அவர் சொல்லி நான் கேட்ட முதலாவது வார்த்தை அது. ஒட்டியிருந்த துண்டை நகத்தால் சுரண்டி எடுத்து விரித்தார்கள். மை கரைந்திருந்தாலும் செபமாலை என்பது தெரிந்தது. எல்லாரும் திருப்திப்பட்டார்கள். என் விரல் முதலில் அதிலேதான் பட்டது என்பது எனக்கு மாத்திரம் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் நான் பார்வையாளர் வாங்கில் கொப்பியோடு போய் இருந்தேன். நாலு மாதம் மாஸ்டர் ஒரே பிரேரணையைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் ஐந்து மணி வரை வாசிகசாலை பெண்களுக்கு மட்டும். "ஆமோதிக்கிறவர் ஆர்?" என்று தலைவர் கேட்பார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். மாஸ்டருக்குக் கை உயர்த்திய இருவர்கூட முகட்டைப் பார்த்தார்கள். வாசிகசாலையில் இருப்பவர்கள் எல்லாரும் வாக்காளர்கள் அல்லவா! உப தலைவர் தம்பிமுத்து முதலாளியின் தேநீர்க் கடை வாசிகசாலைக்குப் பக்கத்திலே. அவர் மட்டும் உரத்துச் சொன்னார்: "குமர்ப்பிள்ளையள் கடைத்தெருவில குந்தியிருந்து பேப்பர் பாக்கிறதோ? பிறகு சுருட்டும் கேப்பினம்!" சபை சிரித்தது. தலைவரும் சிரித்தார் என்று என் கொப்பியில் கோபத்தோடு எழுதி, இரண்டு தரம் கீழ்க்கோடு இட்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் ஒரு பின்னேரம் நான் யன்னலில் நின்றபோது அவருடைய சைக்கிள் வந்து நின்றது. திருவுளச் சீட்டு எடுத்த நாள் முதல் தேர்தல் அதிகாரி என்று விளையாட்டாக அவர் எனக்கு வைத்திருந்த பெயர் 'கொமிசனர்.'

"என்ன கொமிசனர், வெளியில நிண்டு ஆரைப் பாக்கிறாய்?"

"பின்பக்கம் பாக்கிறன்."

"முன்பக்கம்?"

"அதை நீங்கள் சேமனாய் வராட்டில் பாத்திருப்பன்!"

சொன்ன பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மற்றத் துண்டுதான் முதலில் விரலில் பட்டது என்றேன்.

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"ஈரமாய் இருந்தது. கிழிஞ்சுபோடும் எண்டு பயந்தன்."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட கடவுளே, இராசையா செம்பை வடிவாய்த் துடைச்சிருந்தால் நான் இண்டைக்கு ஆலையடியில உமி தள்ளிக்கொண்டு நிண்டிருப்பன்!" பிறகு சிரிப்பு நின்றது. "வா, மாஸ்டரிட்டப் போவம். நீதான் சாட்சி."

"ஐயோ, நான் வரமாட்டன்."

"மற்றத் துண்டை விரிக்காமல் விடேலாது, பிள்ளை."

மாஸ்டர் வீடு அடுத்த ஒழுங்கையில். அவர் முற்றத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேமன் படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"மாஸ்டர், நான் செம்புத் தண்ணியில வந்த சேமன். இந்தப் பிள்ளையின்ர கை முதல்ல உங்களிலதான் பட்டதாம். கதிரையை விட்டிடட்டோ? திரும்ப ஒருக்கால் சீட்டெடுப்பம்."

சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டொன்றை எடுத்து நீட்டினார். மை கரைந்த அதே துண்டு! "அண்டைக்கே காரியதரிசியிட்டக் கேட்டு வாங்கினனான். மூண்டு பேர் என்னை வேண்டாம் எண்டவை எண்டது நினைப்பில இருக்கவேணும், கண்டியளோ. அதுக்காகக் கொண்டு திரியிறன்."

மாஸ்டர் துண்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "கதிரையை நீரே வைச்சிரும், நல்லதம்பியர். எனக்கு இடுப்பு நோ. நாலு மாதமாய் என்ர பிரேரணைக்கு ஒரு வாய் கிடைக்கேல்லை. அந்த ஒரு வாயைத் தாரும்."

சேமன் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசிகசாலைக்காரரின் கோபம் என்ன செய்யும் என்று அவர் என்னைவிட நன்றாக அறிவார். அடுத்த தேர்தலில் அவருடைய வட்டாரமே கைநழுவிப் போகலாம். கடைசியில், "சபையில பாப்பம்" என்று மட்டும் சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

அடுத்த கூட்டம். மாஸ்டர் பிரேரணையை ஐந்தாம் தடவை வாசித்தார். வழக்கம்போல எல்லாரும் முகட்டைப் பார்த்தார்கள். சேமன் எழும்பினார். "முதலாளி, இதில கொஞ்சம் இருங்கோ" என்று தம்பிமுத்து முதலாளியைத் தலைவர் கதிரையில் இருத்திவிட்டுக் கீழே இறங்கிவந்து, உறுப்பினர்களின் வாங்கடியில் நின்றார்.

"நான் ஆமோதிக்கிறன். நான் வாக்குக் கேட்டுப் போன வீடுகளில படலை திறந்தது முக்கால்வாசியும் பொம்பிளையள். நான் சொன்னதை நிண்டு கேட்டதும் அவைதான். வாக்குச் சீட்டில புள்ளடி போடக் கூப்பிடுவம், பேப்பர் பாக்க உள்ளுக்கு விடமாட்டமோ? முதலாளி, அவை சுருட்டுக் கேட்டால் என்ர கணக்கில குடுங்கோ!"

நான் வாங்கிலிருந்து துள்ளி எழும்பிவிட்டேன். காரியதரிசி என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். ஒரு மாஸ்டர் கட்சிக்காரருக்கும் அன்று தைரியம் வந்தது. மூன்றுக்கு இரண்டு! ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக என்று எழுதி நிறைவேற்றினார்கள்.

வெளியே வந்தபோது சேமன் அந்தத் துண்டை என் கையில் வைத்தார். "எனக்கு இனி மனப்பாடம். இது உன்னட்ட இருக்கட்டும்." அடுத்த நாள் ஆலையடியில் அவரைக் கண்டு கூப்பாடு போட்டவர்களும் உண்டு. "பொம்பிளைச் சேமன்!" என்றார்கள். "ஓம் தம்பி, செம்புச் சேமன், பொம்பிளைச் சேமன், இன்னும் ஏதும் இருந்தால் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே மூட்டையை இறக்கினாராம்.

அந்த ஆறு மாதமும் இந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் முடிய இருந்தது. நீடிப்பதற்கான பிரேரணையைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு நாலு நாள் முன்னே வரம்பில் குந்திவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டம் அனுதாபக் கூட்டமாயிற்று. பார்வையாளர் வாங்கில் நாங்கள் பதினொரு பெண்கள். இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும், தலைவர் கதிரையில் இருந்த தம்பிமுத்து முதலாளி, மரியாதையின் நிமித்தம் கூட்டத்தை ஒத்திவைப்போம் என்றார். அதுதான் வழக்கம். மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"ஒத்திவைச்சால் வாசிகசாலைத் தீர்மானமும் அவரோட போயிடும். ஒரு அலுவலை முடிச்சிட்டு மரியாதை செய்வம்."

கைகள் உயர்ந்தன. இரண்டுக்கு இரண்டு. இனித் தலைவர் கதிரையில் இருப்பவரின் வாக்குத்தான் தீர்க்கவேண்டும். இராசையா அண்ணை பழக்கத்தில் மேசைச் செம்பை எடுத்து யன்னல் பக்கம் போகவும் தொடங்கிவிட்டார்.

"அதை வையும்!" என்றார் முதலாளி. செம்பையும் கதிரையின் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை இதில இருத்திப்போட்டுத்தான் அந்தாள் இறங்கிப்போய் ஆமோதிச்சது. அதே கதிரையில இருந்துகொண்டு மாட்டன் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை. ஆதரவு எண்டு எழுதுங்கோ." எழுதி முடியும்வரை பொறுத்திருந்து, முறைப்பாட்டோடு கேட்டார்: "அது சரி, சனிக்கிழமையில நான் எங்க பேப்பர் பாக்கிறது?"

செத்த வீட்டு நினைவையும் மறந்து நாங்கள் சிரித்துவிட்டோம். சேமனுக்கு அது பிடித்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, மை கரைந்த அந்தத் துண்டு. குடியியல் புத்தகத்தில், உள்ளூராட்சி என்ற பாடத்தில் வைத்திருக்கிறேன். மற்றதை இந்தச் சனிக்கிழமைதான் கண்டுகொண்டேன். வாசிகசாலை நீள மேசையடியில் இருந்து, பத்திரிகையை உயர்த்தி விரித்து முன்பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். யன்னல் கம்பியில் ஒரு நிழல் விழுந்தது. தம்பிமுத்து முதலாளி, கையில் தேநீர்க் கிளாசுடன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தேன். பிறகு, மற்றத் துண்டையும் விரிக்கச் சொன்னவரை நினைத்து, பத்திரிகையைத் திருப்பி, முன்பக்கம் அவருக்குத் தெரியும்படி பிடித்தேன்.