எழுதியவர் பெயர் தெரியாத பாட்டு

ஃபிடெல்மா அயர்லாந்தை விட்டு ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டிலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பகலில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பாள். மற்ற நேரமெல்லாம் பாட்டு எழுதுவாள். கம்பெனி, மேனேஜர் என்று யாரும் கிடையாது. அடுக்களையில் தானே பதிவு செய்து, அட்டைப்படமும் தானே வரைந்து நாலு ஆல்பம் போட்டுவிட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஞாயிறு மதியம் ஐரிஷ்காரர்கள் கூடிப் பாடுகிற பார் ஒன்று உண்டு. பாடி முடித்தவர் அடுத்த ஆளைக் கைகாட்டுவார். கைகாட்டினால் மறுக்கக் கூடாது. ஆனால் பழைய பாட்டுதான் பாட வேண்டும். அது மாலக்கி போட்ட சட்டம். அவர் சுவர்ப்பூச்சு வேலைக்காரர், அறுபது வயது, அந்தப் பாருக்கு முடிசூடா மன்னர்.

"புதுசா எழுதினதெல்லாம் உன் பெயின்ட் வாளிக்குப் பாடிக் காட்டு பொண்ணே" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பாட்டையே பாடிவிட்டு, ஊரில் செத்துப்போன ஒரு படகுக்காரக் கிழவரிடம் கற்றது என்று வாய் கூசாமல் புளுகினாள். வெளிநாடு போன பிள்ளையின் கட்டிலுக்குச் சனிக்கிழமைதோறும் விரிப்பு மாற்றும் தாயைப் பற்றிய பாட்டு அது. மாலக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அவர்தான் அதைப் பாடினார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் யாரை நோவது?

போன ஞாயிறு மாலக்கி அதைப் பாடி முடித்துவிட்டு ஒரு காகிதத்தை ஆட்டினார்.

"நம்ம பாட்டெல்லாம் புஸ்தகமா வருது. நாளைக்கு அச்சுக்குப் போகுது. இதுதான் முதல் பக்கம். எழுதினவர் பேர் தெரியலன்னு போட்டிருக்கேன்."

அச்சேறிவிட்டால் அவ்வளவுதான், இனி அது அவளுடையது இல்லை. வாயைத் திறந்தால் பொய்க்காரி என்று ஊரே சிரிக்கும்.

"பாவம் அந்தத் தாய்" என்றார் மாலக்கி. "செத்து நூறு வருஷம் இருக்கும்."

"எங்கம்மா ஒண்ணும் சாகல!" ஃபிடெல்மா எழுந்தேவிட்டாள். "நேத்து கூட விரிப்பு மாத்தியிருக்கா. அது என் கட்டில். என் பாட்டு."

மாலக்கி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தப் படகுக்காரர்?"

"அப்படி ஒருத்தரே இல்ல."

"அடிப்பாவி! மூணு வருஷமா அந்தாளு ஆத்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேனே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலக்கி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பேனாவை வாங்கி, காகிதத்தில் 'பேர் தெரியல' என்றிருந்ததை அடித்தார், மேலே எதையோ எழுதினார். பிறகு பாடி முடித்தவருக்குள்ள உரிமையோடு அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஃபிடெல்மா. வேற இருக்கா?"

"நூத்திப் பத்து இருக்கு."

"ஒண்ணு பாடு. எவன் செத்தான்னு கதை விடாம பாடு."

இரண்டு தரம் செருமிக்கொண்டாள்.

"இது நான் எழுதினது" என்றாள். "போன மாசம்."