அடக்குங்க என்று சொன்னவர்

மூச்சை இழுங்க. அடக்குங்க. விடுங்க. இருபத்தாறு வருடமாக அவர் வேலையில் பேசிய பேச்சில் முக்கால்வாசி இதுதான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத அறை அவருடையது. எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அண்ணன். வருகிறவர்களின் நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைப்பார்; மோவாயைத் தூக்கச் சொல்வார்; தோளை முன்னால் தள்ளிவிடுவார். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், ஈயக் கண்ணாடி வழியே அவர்களுடைய முதுகைப் பார்த்தபடி மூன்றையும் வரிசையாகச் சொல்வார். முதுகு அசைவதை வைத்தே மூச்சு நின்றதா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய மனிதர். ஆனால் இரண்டாவது வார்த்தையைச் சொல்லும்போது தன் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அடுத்தவர் முதுகு தெரிந்த அளவுக்கு யாருக்குத்தான் தன் நெஞ்சு தெரிகிறது?

அவர் மனைவிக்குத் தெரியும். ஊசியில் நூல் கோக்கும்போதும், ஏணியில் ஏறி பல்பு மாட்டும்போதும் மனிதர் மூச்சு விடாமல் நிற்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அம்மாள், வருடக்கணக்கில் இதைச் சொல்லிச் சிரித்ததோடு சரி.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு ஆசை. கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். தினமும் கடற்கரைச் சாலையில் வேன் ஓட்டி ஓட்டி வந்த ஆசை. ஐம்பது வயதுக்குமேல் இதென்ன கூத்து என்று அக்கம்பக்கம் சிரித்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போனால் கணவரோடுதான் போவேன் என்று ஒரே பிடி. இருவரும் ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேர்ந்தார்கள்.

நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்த கோச், முப்பது வயதுப் பெண். முதல் நாளே சொன்னது: தண்ணீருக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கக் கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர உப்பும். வெளியே விடாவிட்டால் நுரையீரலைக் கிழித்துவிடும். கிழிந்த நுரையீரல் படத்தில் எப்படித் தெரியும் என்று எக்ஸ்ரே அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொம்பத் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார்.

தலையாட்டியவர் குளத்துக்குள் கையும் களவுமாகப் பிடிபட்டார். முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றச் சொன்னால், கண்ணாடியைப் பிடித்துச் சரிசெய்வதில் மும்முரமாகி மூச்சை நிறுத்திவிடுவார். தலைக்குமேல் குமிழிகள் நின்றுபோகும். கோச் தோளைத் தட்டி மேலே வரச் சொல்லிவிடுவாள். ஒரே நாளில் ஒன்பது தடவை.

“விட்டுக்கிட்டுத்தானே மேடம் இருந்தேன்?”

“குமிழி வரலையே சார். குமிழி பொய் சொல்லாது.”

மனைவி ஒரே வாரத்தில் தேறிவிட்டார். இவருக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது, இன்னும் பழகட்டும் என்று கோச் கறாராகச் சொல்லிவிட்டாள். கடலில் இறங்க நாள் குறித்துவைத்த படகுப் பயணம் தள்ளிப்போனது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; அதுதான் அவரைக் குடைந்தது. தன்னால் அவள் ஆசை கெட்டுவிடுமோ என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவர் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டாராம். அரை மணி நேரம் பேசிவிட்டு நேரே கடலுக்குள் இறக்கிவிடுவாராம். எக்ஸ்ரே அண்ணன் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு ஓடினார்.

மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“படம் எடுக்கிறப்போ ஆள் அசைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?”

“மறுபடி எடுப்பேன்.”

“கடல்ல மறுபடி எடுக்க முடியுமாங்க?”

அதோடு மருந்துக்கடைக்காரர் யோசனை மண்ணைக் கவ்வியது. மறுநாளே எக்ஸ்ரே அண்ணன் கோச்சிடம் போய் நின்றார். மூச்சு ஓடுகிறதா என்று தனக்கே தெரியவேண்டுமானால், வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருக்கச் சொன்னாள். சத்தம் வருகிறது என்றால் காற்றும் போகிறது என்று அர்த்தம்.

முனகினார். நூல் கோக்கும்போது முனகினார், ஏணியில் முனகினார். எக்ஸ்ரே அறையில் அடக்குங்க என்று சொல்லிவிட்டு இவர் மட்டும் ம்ம்ம் என்று இழுத்ததில், ஒரு பெரியவர் குலுங்கிச் சிரித்துப் படமே கலங்கிப்போனது. இரண்டாவது தடவை எடுக்க வேண்டி வந்தது. மேலே இருந்து டாக்டர் ஆள் அனுப்பி, கீழே யார் பாடுவது என்று விசாரித்தார். மனிதர் அசடு வழிந்தார், ஆனால் விடவில்லை. மூன்று வாரம் கழித்து, முழுப் பயிற்சியிலும் ஒருமுறைகூடக் குமிழி நிற்காமல் தேறினார். கோச் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை கடலுக்குள் இறங்கினார்கள். கோச் முன்னால், மனைவி நடுவில், இவர் பின்னால். பாறைகளுக்கு நடுவே மீன் கூட்டமொன்று சட்டென்று திரும்பியது. மனைவியும் திரும்பினார், மீன்களின் வாலடியில் கிளம்பிய மணல் முகத்தில் மோத, கையால் தடுத்ததில் கண்ணாடி நகர்ந்து உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது.

கோச் திரும்பிப் பார்க்கும் முன்பே இவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகு நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் முதுகுகளைப் பார்த்த கண். குமிழி இல்லை, பயத்தில் மேலே போகக் கால்களை உதறத் தொடங்கியிருந்தார் மனைவி. இவர் முனகிக்கொண்டே இரண்டு உதையில் முன்னால் போய், அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். வாயில் காற்றுக்குழாய், பேச முடியாது. தன் நெஞ்சில் கைவைத்து, மெதுவாக முன்னால் நீட்டிக் காட்டினார். விடுங்க.

ஒரு கணம். பிறகு குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின. மனைவி மூக்கால் ஊதிக் கண்ணாடிக்குள் இருந்த தண்ணீரை வெளியேற்றினார். பக்கத்தில் வந்துவிட்ட கோச், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். எல்லாம் சரி.

படகில் ஏறியதும் மனைவிக்குப் பேச்சு நிற்கவில்லை. மஞ்சள் மீன், வரி வரியாக ஒரு மீன், பாறையில் விசிறி போல் ஆடிய ஏதோ ஒன்று. திடீரென்று நிறுத்திக் கேட்டார்.

“நீங்க என்னங்க பாத்தீங்க?”

யோசித்துப் பார்த்தார். ஒரு மீன்கூட நினைவில் இல்லை.

“உன் முதுகைத்தான் பாத்தேன்.”

“அதுக்கா இவ்வளவு நாள் பயிற்சி?”

“அதுக்குத்தான்,” என்றார்.