கழுத்துக்குள் ஓடிய தறி

குடும்பம் நடத்துவது கையால் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் குடும்பம் நடத்தத் தொடங்கவில்லை என்று அர்த்தம். அது முழுக்க முழுக்கத் தொண்டையால் செய்கிற வேலை. பால்காரம்மாவிலிருந்து என்னைக் கட்டின வீட்டுக்காரர் வரை, என் கைக்குப் பயந்து யாரும் எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. குரலுக்குத்தான் செய்தார்கள்.

அந்தக் குரலுக்கு ஒரு வருஷம் ஆபத்து வந்தது. எழுபதுகளின் கடைசி. ஆரணியில் நெசவாளர் தெருவில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் களம்பூரில் ஓர் அரிசி மில்லுக்கு மானேஜர். மகள் பத்மா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சலில் தொடங்கி, "குரல் போனாலும் போகலாம்" என்று ஒரு டாக்டர் சொல்கிற வரைக்கும் போய்விட்டது விஷயம். காய்ச்சல் போன பிறகும் அதன் மூட்டை முடிச்சு மட்டும் உடம்புக்குள்ளேயே கிடப்பதாகச் சந்தேகப்படுகிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கஞ்சி

அந்த ஐப்பசி மழையோடு ஊரில் ஃப்ளூ காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்காரர் அதை மில்லிலிருந்து அரிசி சாம்பிள் கொண்டுவருவதுபோல் பத்திரமாகக் கொண்டுவந்தார். அவர் படுத்தார், மகள் படுத்தாள். இரண்டு பேருக்கும் கஷாயமும் ரசமும் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் நான் படுத்தேன். வீட்டுத்தலைவிக்குக் காய்ச்சல் கூட எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கிடைக்கும்.

எனக்குக் கஞ்சி வைக்கிறேன் என்று வீட்டுக்காரர் சமையலறைக்குள் போனார். வந்தது அடியில் கறுப்பு, நடுவில் கல், மேலே வெந்நீர். ஒரு வாய் குடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். மானேஜர் தொழில் தர்மத்தை விடவில்லை:

"அரிசி நம்ம மில்லு அரிசிதான். தப்பு அதுல இல்ல."

சங்கிலி

காய்ச்சல் போய்விட்டது. சில வாரம் கழித்து, மார்கழியில், கழுத்தின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தொட்டால் வலி, விழுங்கினால் வலி, திரும்பிப் பார்த்தால் வலி. எதிர்வீட்டுத் தறிக்காரர் முனுசாமியின் மனைவி சம்பூர்ணம் வாசலிலிருந்தே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: பொன்னுக்கு வீங்கி. அதற்கு எங்கள் பக்கத்தில் மருந்து ஊருக்கே தெரியும், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடிந்துவிடும். "அது கன்னத்துல வரும் சம்பூர்ணம், இது தொண்டைக்குக் கீழே" என்றேன். "இறங்கியிருக்கும்க்கா" என்றாள். ஜாக்கெட் விளிம்பு பட்டாலே உயிர் போகிற கழுத்தில் தன்னுடைய ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனாள். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். அன்போடு சங்கிலி மாட்டுகிறவளிடம் "நான்சென்ஸ்" என்று எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் கழுத்தில் அது மூன்றாவது சங்கிலி. ஒன்று என்னுடையது, ஒன்று அடுத்த வீட்டுக்காரி முந்திக்கொண்டு மாட்டியது. மாரியாத்தா கோயில் உற்சவர் மாதிரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் சம்பூர்ணம் தலையில் பூவும் கையில் பையுமாக ஓடிவந்தாள். தங்கச்சி வீட்டு வளைகாப்பாம். வலி இன்னும் நிற்கவில்லையே என்று நான் முனகுவதற்குள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டாள்.

"உங்க வலி சாயங்காலம் கூட நிக்கும்க்கா, கண்ணமங்கலம் பஸ்ஸு நிக்காது."

பல்

வலி கழுத்தில் குடியிருக்கப் பிடிக்காமல் தாடைக்கு ஏறி, காதுக்குள்ளும் குத்தியது. பல் வலிதான் காதில் குத்தும் என்று வீட்டுக்காரர் கடைத்தெருப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் சின்னச் சுத்தியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. "இதுவா? இதுவா?" ஒன்றும் வலிக்கவில்லை. அவருக்கு முகமே வாடிவிட்டது. குறடை எடுத்து வெளியே வைத்தாயிற்று, திரும்ப உள்ளே வைக்க மனசு வரவில்லை.

"எல்லாப் பல்லும் நல்லாத்தாம்மா இருக்குது. இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துடலாமா?"

பொழுது

அதற்குப் பிறகு பசி வந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. காலையில் இட்லி, பத்து மணிக்குப் பழையது, மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்கு யாருடைய தட்டில் என்ன மிச்சம் என்று தேடல். இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு என்னவோ துரும்பாகிக்கொண்டே வந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. ஊரெல்லாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு நடுங்க, நான் மின்விசிறியைச் சுழலவிட்டு வெறுந்தரையில் படுத்தேன்.

சங்கடம் என்னவென்றால், நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் வாயும் சேர்ந்து அணைந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடியும் பசித்தது. கூடத்தில் வெளிச்சம் போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன், அங்கே இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. அதுவும் நகர்ந்தது. மொட்டை மாடிக்கு ஏறினேன். மேற்கே சிவப்பாகப் பாதிச் சூரியன். விதிப்படி இன்னும் பகல்தான்! அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது பத்மா படியேறி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நாளைக்கு எங்கம்மா, தண்ணி டேங்க் மேலயா?"

அமாவாசை

எங்கள் தெருவில் அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு ஓய்வு. மாதம் முழுக்கத் தடக் தடக்கென்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒரு நாள்தான் விடுமுறை. தை அமாவாசை மத்தியானம் படுத்தேன். தலையணையில் காது பட்டதும் தடதடதடவென்று தறிச் சத்தம். எனக்கு வந்ததே கோபம்! அப்போதெல்லாம் கோபம் வேறு வழக்கத்தைவிட ஒருபடி மேலே நின்றது. நேரே எதிர்வீட்டுக்குப் போய், "அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டறீங்களே முனுசாமி, ஒரு மனுஷி கண்ணை மூட வேணாமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

முனுசாமி வடையும் கையுமாக எழுந்து, என்னை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். தறிமேல் துணி போர்த்தி, அதன்மேல் பூனை படுத்திருந்தது. ஆனால் எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சம்பூர்ணம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, இன்னாக்கா இப்படி அடிச்சிகினு கீது!" என்று அலறினாள். முனுசாமி குனிந்து என் கழுத்தை உற்றுப் பார்த்தார். வேலை தெரிந்தவர், வேகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எங்க தறி நின்னுகினுதாங்க கீது. உங்க கழுத்துலதான் ஓடுது, முகூர்த்தப் புடவைக்கு ஆளு வந்து குந்திகினு கீற மாதிரி ஜல்தியா."

கத்தி

முனுசாமி சொல்லித்தான் டாக்டரிடம் போனோம். உள்ளூர் டாக்டர் கழுத்தைத் தொட்டார், நான் கூரையைத் தொட்டேன். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் புறா மாதிரி படபடத்தது. "தைராய்டு" என்றார். "கட்டி மாதிரி கெட்டியா இருக்கு. ஆபரேஷன் வேண்டி வரலாம். குரல் நரம்பு பக்கத்துலயே போகுது, சில பேருக்குக் குரல் போயிடறதும் உண்டு. எதுக்கும் வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

குரல் இல்லாமல் நான் எந்த வேலைக்கு ஆவேன்? கை ஜாடை காட்டிப் பால்காரம்மாவிடம் தண்ணீர்க் கணக்குக் கேட்க முடியுமா? வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெல் ஈரப்பதம் விசாரிக்கிற அதே நிதானத்தில் கேட்டார்:

"முழுசா போயிடுமா டாக்டர், இல்ல கொஞ்சமா குறையுமா?"

வேலூர்

வேலூர் வரைக்கும் பஸ்ஸில் அவரோடு நான் பேசவில்லை. 'சும்மா ஒரு விவரத்துக்குக் கேட்டேன்' என்று அவர்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஏதோ மருந்தைக் குடிக்கவைத்து, கழுத்துக்கு நேரே ஒரு குழாயை நிறுத்தி அளந்தார்கள். எல்லாம் முடிந்து முடிவு வந்தபோது லேடி டாக்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "வலி வர்றதுக்கு முன்னாடி காய்ச்சல், சளி ஏதாவது வந்துச்சா?" இதுவரை பார்த்த ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. அவர் விளக்கியது எனக்குப் பானைக் கணக்காகத்தான் புரிந்தது. வைரஸ் போகிற போக்கில் தைராய்டு சுரப்பியைப் புண்ணாக்கிவிட்டது. பானையை யாரோ இடித்துவிட்ட மாதிரி, உள்ளே சேர்த்து வைத்திருந்த சரக்கெல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டிவிட்டது. அதனால்தான் படபடப்பும் பசியும் வியர்வையும். கொட்டித் தீர்ந்ததும் பானை காலி, கொஞ்ச காலம் எல்லாமே மந்தமாக இருக்கும். பிறகு மெல்ல ஊறி நிரம்பிவிடும். எல்லாத் தைராய்டு நோயும் இப்படித் தானாகப் போகாதாம். என்னுடையது போகும் ரகம். கத்தி வேண்டாம், வலிக்கு மாத்திரை போதும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும்.

கத்தி வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டே, "எரிச்சல், கோபம் எல்லாம் அதிகமா வருதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்:

"அது காய்ச்சலுக்கு முன்னாடி வந்ததா பின்னாடி வந்ததான்னு எப்படிங்க டாக்டர் கண்டுபிடிக்கிறது?"

பால்

டாக்டர் சொன்னபடியே பானை காலியானது. பங்குனி, சித்திரை. ஆரணி வெயிலில் காக்காய் கூட வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நான் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். முகம் உப்பியது, குரல் கம்மியது. ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்தால் அடுத்த பாத்திரம் நாளைக்கு என்று தோன்றும். டாக்டர் பரிசோதித்து, "இதுவும் எதிர்பார்த்ததுதான், பொறுங்க" என்றார். கோபம்கூடப் பாதி வழி வந்து, சோம்பல்பட்டுத் திரும்பிவிடும்.

பால்காரம்மா ஒருநாள் ஊற்றிய பாலில் பாத்திரத்தின் அடி தெரிந்தது. சொம்பை ஓரமாக வைத்துவிட்டு எனக்காகக் காத்து நின்றாள். நான் "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வந்ததோ கெட்டிப் பால், ஏடு கட்டிய பால், கல்யாண வீட்டுக்குக்கூட அவள் கொடுத்திராத பால். என்ன விசேஷம் என்றேன்.

"நீ திட்டாம வாங்கிகினா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குதும்மா, ஒரே பேஜாரா கீது."

துண்டு

இனி கடைசி. வீட்டுக்காரருக்குக் குளித்த ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிற வியாதி கல்யாண நாளிலிருந்தே உண்டு. நான் போட்ட கூச்சலில் அது எப்போதோ குணமாகிவிட்டது. அந்தச் சித்திரையில் திரும்ப வந்தது. தினமும் காலையில் ஈரத்துண்டு நடுக்கட்டிலில், நன்றாக விரித்து. நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடியில் போடுவேன். அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, முகம் தொங்கிப் போய்க் களம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்புவார். மனுஷனுக்கு நம் சோம்பலில் இப்படி ஓர் இளக்காரமா என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதற்கே அலுப்பாக இருக்கும்.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலை, ஸ்வெட்டர் புழுங்குகிறதே என்று கழற்றிப் போட்டுவிட்டு அறைக்குள் நுழைந்தேன். கட்டில்மேல் துண்டு. மெத்தையில் ஈரம் ஊறியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை: "இது கட்டிலா, குளத்தங்கரையா? எத்தனை தடவை சொல்றது! மனுஷங்க படுக்கற இடமா, மாடு படுக்கற இடமா இது?" பழைய குரல்! கம்மல் இல்லை, உடைசல் இல்லை, மூன்று வீடு தாண்டிக் கேட்கிற அதே குரல். எதிர்வீட்டில் தறி சட்டென்று நின்றது. நான் மூச்சு வாங்கித் திரும்பினால், கதவோரம் வீட்டுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்; துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை. பத்மாதான் ரகசியத்தை உடைத்தாள். பானை நிரம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அப்பாவின் சொந்தப் பரிசோதனையாம் அது. "இன்னைக்கும் கத்தலைம்மா" என்று தினமும் அவளிடம் வருத்தப்படுவாராம். நான் அவரை முறைக்க, அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். முனுசாமியும் சம்பூர்ணமும் ஏற்கெனவே தெருவில் நின்றிருந்தார்கள்.

"கேட்டுதாங்க? வேலூர் ரிசல்ட்டெல்லாம் அப்புறம், எனக்கு இது போதும்!"

வைரஸ் போய்விட்டது, வலி போய்விட்டது, குரலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது, ஆனால் ஈரத்துண்டு மட்டும் இன்றைக்கும் கட்டில்மேல்தான் விழுகிறது. கேட்டால், பரிசோதனை என்கிறார்.