சாவி போட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை என்பது, மெஷின் செய்த தப்புக்கும் சேர்த்துத் திட்டு வாங்கும் வேலை. கீபோர்டைத் தட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் இருந்தவள். டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்ததால், முதல் கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் பாய் என்னைக் கூப்பிட்டு அதன்முன் உட்கார வைத்தார். முதல் ஷிப்மென்ட்டுக்குப் பேக்கிங் லிஸ்ட்டைச் சரியாக அடித்துக் கொடுத்தால் ஆபீஸ் வேலை. இல்லையென்றால் மறுபடி தையல் லைன். பள்ளிகொண்டாவிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே அதன்மேல் டைப் அடித்துக்கொண்டு வருவேன். அவ்வளவு சந்தோஷம்.

வெறுங்கால்

கம்ப்யூட்டர் ரூமுக்கு ஏசி போட்டார்கள். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். நாள் முழுக்க ஷூ செய்கிற கம்பெனியில் அந்த ஒரு ரூமுக்குள் மட்டும் எல்லோரும் வெறுங்கால். ஷூ வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கூட சாக்ஸோடு நின்றுதான் பார்த்தார். தையல் லைன் தோழி ஸ்டெல்லா அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இங்கயே ஷூ போட விடலன்னா, அந்தாளு இன்னாத்துக்கு வாங்குவான்?"

பூட்டு

அந்தக் காலத்து மெஷினில் முன்பக்கம் ஒரு பூட்டு இருக்கும். சாவியைத் திருப்பினால் கீபோர்டு செத்துவிடும். எதைத் தட்டினாலும் திரையில் ஓர் எழுத்தும் வராது. பாய்க்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. டீ குடிக்கப் போனாலும் பூட்டி, சாவியை பீரோ சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போவார்.

ஒரு நாள் பூட்டியதை என்னிடம் சொல்லாமல் வேலூருக்கே போய்விட்டார். நான் பட்டன் பட்டனாக அழுத்திப் பார்த்து, மெஷினைக் கெடுத்துவிட்டோம் என்று அழுதே விட்டேன். சாயங்காலம் வந்தவர் சாவியைத் திருப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பூட்டு நல்லா வேல செய்யுதும்மா."

ஒன்று

பேக்கிங் லிஸ்ட் அடித்த அன்று கூட்டல் உதைத்தது. கோடவுனில் பெட்டிகள் ஜாஸ்தி, மெஷின் சொன்னது கம்மி. லாரி வாசலில் நின்றது. மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னையும் லைனுக்கே அனுப்பப் போவதாக பாய் சொல்லிவிட்டார்.

திரையையே பார்த்தேன். சில எண்கள் மட்டும் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டியிருந்தன. மற்றதெல்லாம் வலது ஓரம். இடது பக்கம் நின்றவை எல்லாமே ஒன்றில் தொடங்குபவை. அப்போதுதான் உறைத்தது. நான் பழகிய டைப்ரைட்டரில் ஒன்றுக்கென்று பட்டனே கிடையாது. ஆங்கிலச் சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். விரல் இங்கேயும் அதையே அடித்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு எழுத்து. அதனால் கூட்டாமல் விட்டிருக்கிறது.

மேல்வரிசை ஓரத்தில் அசல் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. திருத்தத் திருத்தக் கூட்டல் தானாக ஏறியது. கடைசியில் பெட்டிக் கணக்கோடு அது சரியாக வந்து நின்றபோது நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன். பாய் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷினும் இருக்கட்டும், நீயும் இரும்மா. சாவி மட்டும் என்கிட்டயே இருக்கும்."

அந்த மெஷின் காயலான் கடைக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. சாவி மட்டும் இன்னும் பாயின் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம்.